ஏத்து பிழை

புத்தூரில் கந்தப்புவின் லொறியைத் தள்ளாத ஆண்பிள்ளை இல்லை. தபால்காரர் தள்ளியிருக்கிறார். பள்ளிக்கூட அதிபர் கழுத்துப்பட்டியோடு தள்ளியிருக்கிறார். கோயில் ஐயர் மட்டும் ஆசாரம் என்று கன காலம் தள்ளி நின்றார். அவரும் ஒருநாள் லொறி ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றபோது, பூசைக்கு நேரமாகிறது என்று ஒரு கை கொடுத்தவர்தான். தள்ளி விட்டால் அதைப்போல ஓடுகிற லொறி யாழ்ப்பாணத்தில் கிடையாது. தள்ளாவிட்டால் அது ஒரு கொட்டில். முன்பக்கம் கண்ணாடி பூட்டிய கொட்டில், அவ்வளவுதான்.

இதில் ஐம்பத்தெட்டு வயதுக் கந்தப்புவுக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. லொறி வைத்திருக்கிறவன் நாலு பேரோடு பழக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தள்ளாமல் எப்படிப் பழகுவது?

வெட்கம் வந்தது அவருடைய மனைவி பத்மாவதிக்கு. கரவெட்டியில் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குக் கலியாணம். மண்டபத்துக்கு வாழைமரமும் தோரணமும் ஏற்றிக்கொண்டு போன லொறியிலேயே இரண்டு பேரும் போனார்கள். திரும்பி வரும் நேரம் மண்டப வாசலில் லொறி படுத்துவிட்டது. பின்னால் மாப்பிள்ளை பொம்பிளையின் கார், அதன் பின்னால் வீடியோக்காரன். ஆம்பிளைகள் எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் பத்மாவதி கூறைச்சேலைக்குச் சமமான தன் பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளினாள். பின்னேரம் ஆறு மணிக்கு முன்னரே அந்தக் காட்சி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து மச்சாள்காரி போன் எடுத்து, “பத்மா, சேலை நல்ல நிறமடி. லொறிக்கும் பொருத்தம்” என்றாள்.

மறுநாள் காலை பத்மாவதி புருஷனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

“அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. இனி இந்த லொறியை ஒருத்தரும் தள்ளப்படாது. தள்ளினால் அண்டைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கிறது.”

கந்தப்பு கற்பூரத்தைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூன்றிலும் இளக்கம் இல்லை. அடித்தார்.

பிறகு கடைக்குப் போய்ப் புதுப் பற்றறி ஒன்று வாங்கி வந்து, தானே பூட்டினார். “லொறியின்ரை உயிரே பற்றறியிலைதான் இருக்கு” என்று பத்மாவதிக்கு ஒரு பிரசங்கமும் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று கிழமையாய் லொறி தீக்குச்சி மாதிரி ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. பசளைப் பை பத்து, கோழிக்கூடு இரண்டு, வீடு மாறுகிறவர்களின் அலுமாரியும் கதிரையும் என்று சில்லறை ஓட்டங்கள். தபால்காரர் வழியில் மறித்து, “என்ன கந்தப்பண்ணை, லொறியை வித்துப்போட்டியளோ? காணக் கிடைக்கேல்லை” என்று கேட்டார்.

வித்துப்போட்டியளோ என்ற சொல்லைக் கேட்டதும் கந்தப்பு லொறிக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இருபத்துநாலு வயதில் முதல் முதல் பிடித்த ஸ்ரேறிங். வேறு தொழில் தெரியாது; தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அந்த மூன்று கிழமையும், வெளிநாட்டுக்குப் போக விசா வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் லொறியைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் முதல் பெரிய ஓட்டம். பத்மாவதியின் தம்பி நடராசாவின் வெங்காயம், தொண்ணூறு மூடை, தம்புள்ளைச் சந்தைக்கு. பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் வெளிக்கிட்டால்தான் அங்கே நல்ல இடம் பிடிக்கலாம். காலையிலேயே கந்தப்பு லொறியை நடராசாவின் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டார். றமேஸ் என்பவனும் இன்னும் மூன்று பேரும் மூடை ஏற்ற வந்திருந்தார்கள்.

ஏற்றத் தொடங்கிய நிமிடமே மைத்துனர்கள் இருவருக்கும் பிடுங்குப்பாடு. நடராசா பின்பக்கம் பாரத்தைக் குவித்தான். கந்தப்பு முன்பக்கம் வை என்றார்.

“அத்தான், மூடை என்ரை. நான் சொல்லுறபடி ஏத்தட்டும்.”

“லொறி என்ரை. இந்த ஏத்து சரியில்லை மச்சான்.”

இதை அவர் ஒருதரம் சொல்லவில்லை. மூடைக்கு ஒருதரம் சொன்னார். கடைசி மூடை ஏறும்போது மணி பத்து. ‘ஏத்து சரியில்லை, ஏத்து சரியில்லை’ என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவருடைய மண்டைக்குள் கூடு கட்டிவிட்டது.

ஏறி இருந்து சாவியைத் திருப்பினார்.

‘டிக்.’

திரும்பவும் திருப்பினார். திரும்பவும் அதே ‘டிக்’. அதற்கு மேல் ஒரு முனகல்கூட இல்லை.

றமேஸும் மற்றவர்களும் துவாயை உதறித் தோளில் போட்டார்கள். பழகிய கால்கள் தாமாகவே லொறியின் பின்பக்கம் போய், எட்டுக் கைகள் தாமாகவே பின்பலகையில் பதிந்தன. கந்தப்பு பாய்ந்து இறங்கி ஓடினார்.

“டேய், எடுங்கோடா கையை. ஒருத்தரும் தொடப்படாது.”

கோயில் சங்கதி ஊருக்கே தெரியும். எல்லோரும் அடுப்பைத் தொட்டவர்கள்போலக் கையை எடுத்தார்கள். பத்மாவதி சோற்றுப் பார்சலோடு இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் லொறி தன் பாட்டில் உயிர்பெற வேண்டும். இல்லாவிட்டால் முப்பத்துநாலு வருஷத்துக் கதை இரும்புக் கடைத் தராசில் முடியும்.

கரவெட்டியில் வாகன வயரிங் வேலை செய்கிற தக்சாயினிக்குக் கந்தப்பு போன் எடுத்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். உழவு இயந்திரத்திலிருந்து வான் வரைக்கும், மின்சாரக் கோளாறு என்றால் வடமராட்சிக்காரர் அவளிடம்தான் போவார்கள். அவள் வேறொரு வாகனத்துக்குக் கீழே படுத்திருந்தபடி கதைத்தாள்.

“அண்ணை, என்ன சத்தம் கேக்குது? ஒரு டிக்கோ, கன டிக்கோ?”

“ஒரு டிக்.”

“முன் லைற்றைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்புங்கோ. லைற் என்ன செய்யுது?”

கந்தப்பு திருப்பிப் பார்த்தார். “நூந்து போற விளக்கு மாதிரி மங்குது பிள்ளை.”

“பற்றறி புதுசெல்லோ?”

“ஓம், மூண்டு கிழமை.”

இந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காணிக்காரர் தண்ணீர் மெசினை இயக்கினார். தடதடவென்ற அந்தச் சத்தத்துக்குள் போனைக் காதோடு அழுத்திக் கந்தப்பு கேட்டது இவ்வளவுதான்:

“அப்ப பற்றறியிலை பிழையில்லை. ஏத்து பிழை அண்ணை… ஏத்தைக் கழட்டி… திரும்ப வடிவாய் இறுக்கிப் போடுங்கோ. நான் மூண்டு மணிக்கு வாறன்.”

வயர் வேலைக்காரர் ஏத்து என்றால் எது என்று முப்பத்துநாலு வருஷம் லொறி ஓட்டிய மனிதருக்குத் தெரியாமல் இல்லை. இங்கிலீசில் எர்த்: பற்றறியிலிருந்து லொறியின் இரும்புச் சட்டத்துக்குப் போய்ச் சேர்கிற தடித்த வயர். ஆனால் காது ஒரு வேலைக்காரன். முதலாளி எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைத்தான் கொண்டுவந்து கொடுப்பான். காலையிலிருந்து தான் தொண்டை வறளக் கத்தியதை, கரவெட்டியிலிருந்து ஒருத்தி லொறியைக் காணாமலே சொல்லிவிட்டாள். கந்தப்புவுக்குப் புல்லரித்தது.

“கேட்டியோ நடராசா? நான் சொன்னால் ஏறாது. இப்ப அந்தப் பிள்ளையும் சொல்லுது. ஏத்து பிழையாம். முழுக்கக் கழட்டி, திரும்ப இறுக்கி ஏத்தட்டாம்.”

“மூடை ஏத்தினதுக்கும் ஸ்ராட் வராததுக்கும் என்ன அத்தான் சம்பந்தம்?”

“படிச்ச பிள்ளை சொல்லுது. நீ பெரிய விண்ணனோ?”

தொண்ணூறு மூடையும் இறங்கின. றமேஸ் ஒவ்வொரு மூடையையும் நிலத்தில் போடும்போது வெங்காயத்தை உரிக்காமலே அழுதுவிடுவான்போல இருந்தது. கடைசி மூடை இறங்கியதும் கந்தப்பு ஏறிச் சாவியைத் திருப்பினார்.

லொறி முதல் திருப்பலிலேயே உறுமி எழுந்தது.

நடராசாவின் வாய் திறந்தபடி நின்றது. கந்தப்பு கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே நீட்டி, துவாயால் முகத்தைத் துடைத்தார். அந்த நிமிடம் அவருக்கு இருந்த பெருமையை அளக்க ஒரு தராசு போதாது. அந்தப் பெருமையில் ஒரு மடைத்தனமும் செய்தார்: டீசல் வீணாகிறது என்று இயந்திரத்தை நிறுத்தினார்.

இந்த முறை தன் சொற்படி, முன்பக்கம் பாரம் வைத்து, கோயில் மதில் கட்டுவதுபோல அடுக்க வைத்தார். தொண்ணூறும் ஏறின. சாவியைத் திருப்பினார்.

‘டிக்.’

அப்போது நடராசாவின் முகத்தில் வந்த சிரிப்பை எழுத்தில் எழுத முடியாது. ஆனால் அவனுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. தோட்டக்காரன் அல்லவா, எதையும் எண்ணிப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. “திரும்ப இறக்குவம். பேந்து பத்துப் பத்தாய் ஏத்துவம். ஒவ்வொரு பத்துக்கும் சாவியைத் திருப்புங்கோ” என்றான். றமேஸ் ஒரு பார்வை பார்த்தான். அதைப் பார்த்து, மூடைகளில் பாதியை நடராசாவே தூக்கினான்.

இருபதில் வந்தது. நாற்பதில் வந்தது. அறுபதில் வந்தது. எழுபதில் இழுத்து இழுத்து, கிழவன் கட்டிலிலிருந்து எழும்புவதுபோல வந்தது. எண்பதில் ‘டிக்’. பத்து மூடையை இறக்கினால் திரும்பவும் வந்தது.

“பாத்தியளே அத்தான். ஏத்தின விதத்திலை பிழையில்லை. உங்கடை லொறிக்கு எழுபதுக்கு மேலை ஏலாது. வயசு போட்டுது.”

கந்தப்பு லொறியின் சில்லைத் தட்டிப் பார்த்தார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கலாம். கண்ணுக்கு முன்னால் மூன்று தரம் காகம் இருந்து மூன்று தரமும் பழம் விழுந்தால் மனிதன் என்ன நினைப்பான்? முப்பத்துநாலு வருஷம் தொண்ணூறு மூடையைக் கேள்வி கேட்காமல் சுமந்த லொறி. பற்றறியை மாற்றலாம், ஸ்ராட்டரை மாற்றலாம். வயதை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது? பத்மாவதி சொன்னது சரிதானோ என்று முதல்முறையாக நினைத்தார். அந்த நினைப்புத்தான் கூடுதலாக நொந்தது.

அந்த நேரம் பார்த்துப் பத்மாவதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் சோற்றுப் பார்சல். எழுபது மூடை லொறியில், மிச்சம் தரையில். ஆம்பிளைகள் எல்லோரும் வாய்க்கால் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

“என்ன இது? ஏத்திறியளோ, இறக்கிறியளோ?”

“ரெண்டும்தான் அக்கா, காலமையிலையிருந்து” என்று தொடங்கி நடராசா எல்லாவற்றையும் சொன்னான். “தள்ளினவையோ?” என்று மட்டும் அவள் கேட்டாள். “இல்லை. அத்தான் ஒருத்தரையும் தொடவிடேல்லை” என்றான். அவள் புருஷனைப் பார்த்தாள். பார்சலை அவிழ்த்து அவருடைய மடியில் வைத்தாள்.

நடராசா போனை எடுத்தான். “குறை நினையாதேங்கோ அத்தான். எங்கடை ஊர்க் கஜானன்ரை புது லொறி சும்மா நிக்குதாம். ஒரு மணித்தியாலத்திலை வருவான். சந்தை எனக்காகக் காத்துக்கொண்டிராது.”

“அந்தப் பிள்ளை வரட்டும். மூண்டு மணி மட்டும் பொறு” என்றார் கந்தப்பு. தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது. நடராசா போனைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தான்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே தக்சாயினி வந்துவிட்டாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கறுத்த பெட்டி, நீலக் காற்சட்டை, காதில் செருகிய பென்சில். “ஏத்தைக் கழட்டிப் பாத்தியளோ அண்ணை?” என்றாள்.

“ரெண்டு தரம் கழட்டியாச்சுப் பிள்ளை. தொண்ணூறு மூடை. அந்தா, றமேசின்ரை முதுகைப் பாரும்.”

தக்சாயினி மூடைகளைப் பார்த்தாள். றமேஸைப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நிற்க முடியாமல் ஒரு வெங்காய மூடையில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணை, நான் சொன்னது பற்றறி வயர் ஏத்து. கழட்டிச் சுரண்டிப் பூட்டச் சொன்னனான். வெங்காயத்தை ஆர் சுரண்டச் சொன்னது?”

றமேஸ் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வரம்பில் மல்லாந்து படுத்துவிட்டான். நடராசா “ஐயோ அத்தான்” என்றான். கந்தப்புவின் காது சிவந்தது.

சிரித்து முடிந்ததும் தக்சாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எத்தினை மூடையிலை நிண்டது எண்டனீங்கள்?” என்றாள்.

“எண்பதிலை. இறக்கினால் வருது.”

“அப்ப நீங்கள் செய்ததும் வீண் வேலையில்லை. பாரம் ஏறச் சட்டம் வளையும். வளையேக்கை எங்கையோ ஒரு தொடுப்பு விட்டுப்போகுது. லொறிக்கு வயசு போகேல்லை அண்ணை. எல்லாத்தையும் ஏத்துங்கோ. பிழை வரவேணும், அப்பதான் பிடிக்கலாம்.”

வயது போகவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் கந்தப்புவே இரண்டு மூடையைத் தூக்கி ஏற்றினார். தொண்ணூறும் ஏறியதும் அவள் மீற்றரை எடுத்தாள். அதன் இரண்டு முனையையும் பற்றறியின் இரண்டு தலையிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். ‘டிக்.’ “பற்றறி நல்லாய் நிக்குது.” பிறகு ஒரு முனையைப் பற்றறியின் கறுத்த தலையிலும் மற்றதை லொறியின் சட்டத்திலும் வைத்தாள். “இப்ப திருப்புங்கோ. இதிலை ஒண்டும் காட்டப்படாது.”

மீற்றர் எட்டு வோல்ற் காட்டியது.

“இந்தா பாருங்கோ. கறண்ட் வீட்டுக்குத் திரும்பிப் போற வழியிலை ஆரோ படலையைச் சாத்தியிருக்கினம்.”

பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்றை எடுத்தாள். ஒரு நுனியைப் பற்றறியின் கறுத்த தலையில் கவ்வ விட்டாள். மற்ற நுனியை நேராக இயந்திரத்தில் கவ்வ விட்டாள். கந்தப்பு சாவியைத் திருப்பினார். தொண்ணூறு மூடையும் ஏறியிருக்க, லொறி முழுக் குரலில் உறுமியது. றமேஸ் படுத்த இடத்திலிருந்தே கையைத் தட்டினான்.

“நிப்பாட்டுங்கோ. இது தற்காலிகம். படலை எது எண்டு பாப்பம்” என்று சொல்லி அவள் பற்றறிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள்.

“அங்கை ஒண்டும் இராது பிள்ளை” என்றாள் பத்மாவதி. “மற்றப் பக்கம் பாருமன்.”

“அந்தத் தடிச்ச வயர் இந்தப் பக்கம்தானே அக்கா வருது.”

“அங்கை சரியான ஊத்தை. உடுப்புப் பழுதாப்போம்.”

“இது பழுதாகிறதுக்கெண்டே போட்ட உடுப்பு” என்று தக்சாயினி கையை உள்ளே விட்டாள். வயர் சட்டத்தில் சேரும் இடத்தில் ஒரு போல்ற். நட்டுச்சாவி போட்டுக் கழற்ற ஆயத்தமானவளுக்கு, விரல் பட்டதுமே அது சுழன்றது. “கையாலை மட்டும் இறுக்கி விட்டிருக்கு. பற்றறி பூட்டினது ஆர்?”

கந்தப்பு வானத்தைப் பார்த்தார். புதுப் பற்றறிக்காக வயரைக் கழற்றிப் பூட்டிய அன்று பதினேழாம் நம்பர் நட்டுச்சாவி காணாமல் போயிருந்தது. பிறகு இறுக்கலாம் என்று கையால் இறுக்கி விட்டவர், பிறகு மறந்தே போனார்.

“அது மட்டுமில்லை. உள்ளுக்கை என்னவோ செருகிக் கிடக்கு.” குறடால் பிடித்து மெல்ல இழுத்து வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மஞ்சள் துணி முடிச்சு. ஓரம் கருகியிருந்தது. உள்ளே வட்டமாக ஏதோ ஒன்று.

றமேஸ் எழும்பி இரண்டடி பின்னால் போனான். “செய்வினை” என்றான்.

கந்தப்புவுக்கு இரத்தம் கொதித்தது. “அந்தக் கஜானன்தான். புது லொறி வாங்கினவன், என்ரை ஓட்டத்தைப் பறிக்க…”

“வாயைக் கழுவுங்கோ” என்றாள் பத்மாவதி. “செய்வினையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அது நேர்த்திக் காசு. நான்தான் கட்டினனான்.”

பக்கத்துக் காணி மெசின் இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது. நடராசா கிட்ட வந்து முடிச்சை எட்டிப் பார்த்தான்.

“என்ன நேர்த்தி அக்கா? லொறி கெதியாய் இரும்புக்குப் போகவேணும் எண்டோ?”

“விசர்க் கதை கதையாதை. இது ஒருநாளும் படுக்காமல் ஓடவேணும் எண்டு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். நேர்த்தியை வெளியே சொல்லக்கூடாது.

கந்தப்பு துணி முடிச்சைக் கையில் வாங்கினார். உள்ளே அஞ்சு ரூபாய்க் குத்திக் காசு.

“எப்ப கட்டினனீர்?”

“போன வெள்ளி. லொறியின்ரை உயிர் பற்றறியிலை இருக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒருத்தற்றை கண்ணிலையும் படாத இடமாய்த் தேடினன். அந்த வயருக்குக் கீழை ஒரு இடைவெளி இருந்தது. நல்ல இடம் எண்டு செருகி முடிஞ்சன்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாருக்கு முடிந்த காசே குறுக்கே படுத்துவிட்டது. அவர் இறுக்காமல் விட்ட இடைவெளி. அவள் செருகிய துணி. சில்லறை ஓட்டங்களில் பாரம் இல்லாததால் ஒரு கிழமை சமாளித்திருக்கிறது.

“அப்ப விக்கிறது எண்டு கற்பூரத்திலை அடிப்பிச்சது?”

“அப்பிடிச் சொல்லாட்டில் நீங்கள் புதுப் பற்றறி வாங்கியிருப்பியளோ? பத்து வருஷமாய் ஊரைக் கொண்டு தள்ளுவிச்ச மனிசன்.”

கந்தப்புவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் கண்ணும் கலங்கியது. மூன்று கிழமையாய் லொறியைப் பிரிகிற துக்கத்தில் பெண்சாதியோடு சரியாய் முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தவர் அவர். அவளோ அவருக்குத் தெரியாமல் லொறிக்கடியில் தவழ்ந்து மஞ்சள் துணி கட்டியிருக்கிறாள். அவர் முடிச்சைக் கண்ணில் ஒற்றி அவளிடம் கொடுத்தார்.

தக்சாயினி அந்த இடத்தை அரத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். போல்ற்றைப் பதினேழாம் நம்பர்ச் சாவியால் இறுக்கி, கிறீஸ் பூசினாள். “இனித் தொண்ணூறில்லை, நூறு ஏத்துங்கோ. நேர்த்திக் காசைக் கோயிலிலை கட்டுங்கோ அக்கா, பிள்ளையாருக்கு வயரிங் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினாள். நாலு மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

கந்தப்பு ஏறினார். சாவி, உறுமல், முதல் கியர். லொறி ஒரு முழம் முன்னே போய் அமிழ்ந்தது. பின்சில்லு சுற்றியது, செம்மண் சேறு நடராசா உடுத்திருந்த சாரத்தில் பறந்தது. எல்லோரும் வயரையே பார்த்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்துக் காணித் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு லொறிக்கடியில் வந்து ஊறியிருக்கிறது. பின்னுக்கு எடுத்தார், முன்னுக்கு எடுத்தார். இன்னும் நாலு விரல் தாழ்ந்தது.

றமேஸும் மற்றவர்களும் பின்னால் போனார்கள், கையைத் தூக்கினார்கள், தூக்கிய கை அந்தரத்தில் நிற்கப் பத்மாவதியைப் பார்த்தார்கள். கந்தப்பு ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “மூடையை இறக்குங்கோ” என்றார் மெதுவாக.

றமேஸ் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான்.

“ஒரு மூடையிலையும் ஒருத்தரும் கை வைக்கப்படாது” என்றாள் பத்மாவதி. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினாள். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தாள். சேற்றுக்குள் இறங்கி லொறியின் பின்பக்கம் நடந்தாள்.

கந்தப்பு தலையை வெளியே நீட்டினார். “இஞ்சாரும், கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணினது…”

“சத்தியம் பண்ணினது நீங்கள், நானில்லை. பிள்ளையாரோடை நான் கதைக்கிறன். நீங்கள் கியரைப் போடுங்கோ.”

அவள் கை வைத்த பிறகு யார் சும்மா நிற்பார்கள்? நடராசா வந்தான், றமேஸ் வந்தான், மற்ற மூன்று பேரும் வந்தார்கள். தக்சாயினி பெட்டியை வைத்துவிட்டு வந்தாள். “ஏலேலோ” என்று றமேஸ் குரல் கொடுக்க, கந்தப்பு கிளச்சை மெதுவாக விட்டார். லொறி முனகியது, ஆடியது, மேட்டில் ஏறியது, காய்ந்த ஒழுங்கைக்கு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டுச் சேறு துடைக்கத் தொடங்கினார்கள்.

கந்தப்பு பக்கக் கண்ணாடியில் பார்த்தார். முகமெல்லாம் சேறு தெறித்திருக்க, பத்மாவதி பின்பலகையில் இரண்டு கையும் வைத்தபடி இன்னும் சிரித்துக்கொண்டு வந்தாள். லொறிக்கு இனித் தள்ளுத் தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒழுங்கை முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அவரும் இரண்டாம் கியரைப் போடவில்லை.